குளிர்சாதனம் இயங்கும்போது எஞ்சின் திணறுவது ஏன்?

கோடைகாலத்தில் காரில் களப்பணிக்குச் செல்லும் ஊழியர் பலருக்கும் இவ்வநுபவம் உண்டு. ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிறது, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று எஞ்சின் நடுங்கி, வேகங் குறைந்து, நின்றுவிடுமோ என்னும் நிலையை அடைகிறது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தால் பிழைத்துக்கொள்கிறது. இதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கலாகாது. பெட்ரோல் கார்கள் பலவற்றில் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிட விசை எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை மிதிக்கவே அத்துணை எஞ்சியிருக்கும். பிறகு மிதிகட்டை கல்லைப்போல் இறுகிவிடும். கிளச்சை மிதித்தபடி சரிவில் திரும்பும் வேளையில் இது நேர்ந்தால் விளைவை ஊகிக்கலாம்.

இதன் அடிப்படையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். டைனமோ பொருத்திய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, விளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்றுக. பின்னர் கம்பியை இணைத்து அதே வேகத்தில் சுழற்றுக. இம்முறை சக்கரம் விரைவில் நின்றுவிடும். விளக்கிற்குச் செல்லும் சக்தி சக்கரத்தின் இயக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

காரின் குளிர்சாதனமும் இவ்வாறே எஞ்சினைச் சுமக்கச் செய்கிறது. வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர், மின்காந்தக் கிளச்சு ஒன்றின் மூலம் எஞ்சினின் பெல்ட்டுடன் இணைகிறது. நிற்கும் வண்டியில் எஞ்சின் நிமிஷத்திற்கு 700 முதல் 900 சுற்று வரை சுழலும். பட்டறைக்காரர் இதை ஐடிலிங் என்பர். அப்போது அது தன் உராய்வை வென்று சுழல்வதற்கு வேண்டிய அளவே எரிபொருளை எரிக்கிறது. கம்ப்ரஸரோ சில குதிரைச் சக்தியைக் கேட்கும். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். அதாவது சுமார் பத்து மின்விசிறிகளை ஓட்டும் சக்தி. உபரிச் சக்தி இல்லாத எஞ்சின் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆகையால் வண்டியை அமைப்போர், குளிர்சாதனம் இணைந்தவுடன் எஞ்சினுக்குச் சிறிது கூடுதல் காற்றும் எரிபொருளும் செல்ல வழிசெய்துள்ளனர். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் வெற்றிடத்தால் இழுபடும் ஒரு சிறு கருவி திராட்டில் தகட்டைச் சற்றே திறக்கும். 2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதையொட்டி, கார்களில் எரிபொருளை மின்னணு முறையில் பீச்சும் ஏற்பாடு பரவியது. அவற்றில் ஒரு காற்று வால்வோ, மோட்டாரால் திறக்கும் திராட்டிலோ அப்பணியைச் செய்கிறது. வால்விலும் தகட்டின் விளிம்பிலும் கரி படிந்தால் காற்று வரும் வழி குறுகும். இத்தொல்லைக்கு மிகவும் சாதாரணமான காரணம் இதுவே. அதற்குரிய திரவத்தாலும் மெல்லிய துணியாலும் துடைத்தல் வேண்டும், சுரண்டலாகாது. சில வண்டிகளில் துடைத்தபின் எஞ்சினைச் சற்றுநேரம் வாளா ஓடவிட்டால்தான் அதன் கணிப்பொறி புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் பலராலும் மறக்கப்படுவது. நாகபுரிப் பக்கத்தில் ஒரு மே மாதம், நாங்கள் சென்ற வாடகைக் கார் நிற்குமிடமெல்லாம் திணறியது. ஓட்டுநர் ஐடிலிங் திருகை முடுக்கி வேகத்தை ஏற்றிவிட்டார். பெட்ரோல் வீணானதேயன்றி, மாலைக்குள் தொல்லை திரும்பவும் வந்தது. பின்னர் முன்புறக் கிரில்லின் வழியே பார்த்தபோது, உஷ்ணத்தை வெளியேற்றும் கண்டென்ஸரின் தகடுகளில் களிமண் தூசி அப்பியிருந்தது. அதன் விசிறியும் சுழலவில்லை. ஓடும் வண்டிக்கு எதிர்காற்று உதவும். நிற்கும் வண்டிக்கு விசிறியே கதி. தற்போது பல கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, 40 டிகிரி சென்டிகிரேடில் திரவமாவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு போதும். 60 டிகிரியிலோ ஏறக்குறைய பதினேழு மடங்கு வேண்டும். அவ்வளவு சுமையும் கம்ப்ரஸரின் வழியாக எஞ்சினையே சேர்கிறது. விசிறியின் ரிலேயை மாற்றி, தகடுகளை மெல்லிய நீர்த்தாரையால் கழுவியபின் திருகைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தோம்; வண்டி அமைதியாக நின்றது.

சோதிக்கும்போது முதலில் குளிர்சாதனத்தை நிறுத்திப் பார்க்க. அப்போதும் எஞ்சின் நடுங்கினால் குற்றம் ஸ்பார்க் பிளக்கிலோ, வெடித்த வெற்றிடக் குழாயிலோ இருக்கக்கூடும். குளிர்சாதனத்தைக் குறைகூறிப் பயனில்லை. நன்றாக ஓடினால் அதை இயக்கி, கிளச்சு இணையும் ஓசையைக் கவனிக்க. வேகம் சற்றுத் தாழ்ந்து உடனே மீள்வது இயல்பு. இணைந்த கணமே தாழ்ந்து மீளாவிடில் காற்று வால்வையும், சில நிமிஷங்கழித்துப் படிப்படியாகத் திணறினால் விசிறியையும் கண்டென்ஸரையும் சந்தேகிக்க. எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரஸர் கிளச்சின் முன்தகட்டைக் கையால் திருப்பியும் பார்க்கலாம். திரும்ப மறுத்தால் கம்ப்ரஸரே இறுகியிருக்கிறது.

கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, திறந்தவெளியிலேயே எஞ்சினை ஓட்டுக. மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் குடிக்கும். விசிறி எக்கணமும் சுழலத் தொடங்கும். தொங்கும் துண்டும் புடவைத் தலைப்பும் அதனருகே ஆகா. வாயுக் குழாய்களின் இணைப்பைத் தாமாகக் கழற்றுதல் கூடாது. இவ்வாயு பூஜ்யத்துக்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. கண்ணிற்பட்டால் உறைந்து புண்ணாகும். வாயு மிகுதியாக அடைக்கப்பட்டிருப்பதாலும் சுமை ஏறுவதுண்டு. அதை அளந்து குறைப்பது உரிய கருவியுடைய பட்டறையின் வேலை.