பட்டன் இருக்கிறதே, போதாதா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகத் தலைகாட்டியது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, ரியர் வீல் டிரைவ், எடை சுமார் 950 கிலோ. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், அமெரிக்காவில் மியாட்டா. உருண்டு எழும் முகப்பு விளக்குகள் கொண்ட அந்த முதல் தலைமுறை 1997 வரை வந்தது. அப்படியானால் அதன் கடைக்குட்டிக்கே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இருந்தும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் பெயின்டுக்கும் கூரைக்கும் என்ஜினுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள். டயர் என்று வந்தால் மட்டும் யாரோ சொன்னதை நம்பிக் கடைக்குப் போவார்கள். அந்த ‘யாரோ சொன்ன’வற்றில் சிலவற்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். உதாரணம் எம்எக்ஸ்-5 என்றாலும், பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதற்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

“பட்டன் அப்படியே இருக்கு, இன்னும் பத்து வருஷம் ஓடும்”

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்துதான் சாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரில் டயர் தேய்வதே இல்லை, கிழடாகிறது. ரப்பரை ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத் தயாரிப்பிலேயே மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு, மடங்கி, நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காவல் நிற்கும். உறை போட்டு மூடி மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்திய காருக்கு அந்தக் காவலும் கிடையாது. ‘ஓட்டவே இல்லை சார், புதுசு மாதிரி’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். டயரைப் பொறுத்தவரை அது குறை.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ் விபத்துக்குள்ளாகி மூன்று பேர் இறந்தார்கள். வெடித்தது முன்பக்க டயர். அதன் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல். அத்தனை பழைய டயரைத் தடுக்க அன்று சட்டம் எதுவும் இல்லை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல ஆண்டுகள் போராடினார். பத்து வயது தாண்டிய டயரை லாரி, பஸ்களின் முன் அச்சில் மாட்டக் கூடாது என்ற விதி 2021 பிப்ரவரியில் பிரிட்டனில் வந்தது. கார்களுக்கு அந்த விதி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து நினைவிருக்கும். அந்த போர்ஷே கரேரா ஜிடி 2005-ஆம் ஆண்டு மாடல். விபத்துக்குக் காரணம் வேகம்தான் என்றது விசாரணை: மணிக்கு 45 மைல் எல்லை உள்ள சாலையில் 80-க்கும் 93-க்கும் இடைப்பட்ட வேகம். ஆனால் டயர்களுக்கு ஒன்பது வயது, அதனால் காரின் பிடிமானம் குறைந்திருக்கலாம் என்றும் அறிக்கையில் குறித்திருந்தார்கள்.

வயதை அறிய ஜோசியர் வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ என்ற அமெரிக்க முத்திரையோடு வரும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 35-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய சரக்கு, அப்படியே கழற்றிவிடலாம். முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் டார்ச்சோடு தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுங்கள். ஆறு ஆண்டில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. மிஷெலின் ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடாவருடம் பரிசோதிக்கச் சொல்கிறது, பத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் ஆறு, ஏழைத் தாண்டமாட்டேன்.

“அகலம் கூடினால் பிடிமானம் கூடும்”

பாதி உண்மை, அதனால்தான் சாகாமல் இருக்கிறது. எம்எக்ஸ்-5 வந்தது 185/60ஆர்14 டயரில். அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். ஒரு சக்கரத்தின் மேல் விழும் சுமை சுமார் 240 கிலோ, காற்று 26 பிஎஸ்ஐ. கணக்குப் போட்டால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். பெரியவர் ஒருவரின் உள்ளங்கை அளவு. காற்றழுத்தத்தை மாற்றாமல் 205 அகல டயர் போட்டாலும் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடாது. நீளமாக இருந்தது அகலமாகிறது, அவ்வளவுதான். காய்ந்த சாலையில் வளைவில் கொஞ்சம் கூடுதல் பிடி கிடைக்கும், மறுக்கவில்லை. மழையில் கதை மாறும். அகலமான டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், அதைக் கிழித்துக்கொண்டு போக நீளமும் இல்லை. எடை குறைந்த கார் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும்.

அகலத்தோடு ரிம்மும் வளர்ந்தால் இன்னொரு சங்கடம். 185/60ஆர்14 டயரின் முழு விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். 205/40ஆர்17 போட்டால் 596. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அது சின்ன விஷயம். பக்கச்சுவர் 111 மில்லிமீட்டரிலிருந்து 82-ஆகக் குறைவதுதான் பெரிய விஷயம். அந்த ரப்பர்ச் சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். காரை வடிவமைத்தவர்கள் சஸ்பென்ஷனை அதையும் சேர்த்தே அமைத்தார்கள். அதைச் சுருக்கிவிட்டு, சக்கரத்தின் எடையையும் கூட்டிவிட்டு, ‘வண்டி குதிக்கிறது’ என்று ஷாக் அப்சார்பரைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் ஒரு விலக்கு. 14 அங்குல ரிம்முக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் இன்று அரிது. புதுக் கார்கள் எல்லாம் பெரிய ரிம்முக்குப் போய்விட்டதால், 14-இல் கிடைப்பது பெரும்பாலும் சிறிய ஹேட்ச்பேக்குகளுக்கான சிக்கன டயர்கள். 195/50ஆர்15-இன் விட்டம் 576, ஏறத்தாழ பழைய அளவேதான். எடை குறைந்த 15 அங்குல ரிம் கிடைத்தால் தயங்காமல் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

“கம்பெனி போட்ட அதே டயர்தான் வேண்டும்”

மாஸ்டா 2017-இல் ஜப்பானில் பழைய ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து அந்தக் காலத்து எஸ்எஃப்-325 டயரையே மறுபடி தயாரிக்க வைத்தது. அழகான காரியம். காட்சிக்கு நிறுத்தும் காருக்கு அதுதான் சரி. ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரப்பரில் கரிப்பொடிக்குப் பதில் சிலிகா சேர்ப்பது பரவலானது 1990-களில்தான். ஈரச் சாலையில் இன்றைய நடுத்தரமான நல்ல டயர், அன்றைய ஸ்போர்ட்ஸ் டயர் நிற்காத இடத்தில் நிற்கும். பிராண்டைவிட அளவும், வேகக் குறியீடும், சுமைக் குறியீடும் அசலுக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம். ‘எச்’ என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, ‘வி’ என்றால் 240. பழைய போர்ஷே வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. பக்கச்சுவரில் என்0, என்1 என்று இருப்பது அந்த நிறுவனம் தன் கார்களில் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம். என்0-வையும் என்1-ஐயும் கலந்து மாட்டக் கூடாது என்பது அவர்களே சொல்வது.

“ஸ்போர்ட்ஸ் காருக்கு ரேஸ் டயர்”

ரேஸ் டயர் சூடேறினால்தான் ஒட்டும். ஒரு டன்கூட இல்லாத கார், சாதாரணச் சாலையில், அதைச் சூடேற்றவே முடியாது. ஆறிப்போன ரேஸ் டயர் மழையில் என்ன செய்யும் என்று ஊகித்துக்கொள்ளலாம். போதாததற்கு முப்பது வயது புஷ்களும் வீல் பேரிங்குகளும் அந்தப் பிடியின் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். எம்எக்ஸ்-5-இன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் முன்வைத்த வாசகம் ‘ஜின்பா இத்தாய்’. குதிரையும் சவாரி செய்பவரும் ஓருடலாதல். குறைந்த வேகத்திலேயே டயர் மெல்ல நழுவுவதைக் கையிலும் இடுப்பிலும் உணர்வதுதான் அந்தச் சவாரியின் ருசி. தரையில் பசைபோட்டு ஒட்டிய மாதிரி ஓடினால் அந்த ருசி போய்விடும். பிடி விடும்போதும் சொல்லாமல் விடும்.

“ரெண்டு புது டயரையும் முன்னாடி போடுங்க”

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். கடைக்காரரே இதற்கு எதிராகச் சொல்வார். ஸ்டீயரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்னால் இருப்பதால் அவர் சொல்வது காதுக்கு நியாயமாகவே கேட்கும். ஆனால் ஈரச் சாலையில் முன்சக்கரம் பிடிவிட்டால் கார் நேராக வழுக்கும். காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் பிடிவிட்டால் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்த இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. 1989 எம்எக்ஸ்-5-இல் இருப்பது உங்கள் இரண்டு கைகள் மட்டுமே.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். பக்கச்சுவரில் அச்சடித்த பிஎஸ்ஐ, டயர் தாங்கும் உச்ச அழுத்தம், நீங்கள் நிரப்ப வேண்டிய அளவு அல்ல. காற்றடிக்கும் பையன் கேட்காமலே 32 வைப்பான், இந்தக் காருக்குக் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கர் சொல்வது 26. நைட்ரஜன் அடித்தால் ஓட்டமே மாறும் என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மீதிக்காகக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். புது டயர் கடையிலிருந்து வெளியே வந்ததும் ஒட்டிப் பிடிக்காது, வார்ப்பு அச்சிலிருந்து கழற்ற உதவிய வழவழப்பு மேலே கொஞ்சம் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் அது ஒல்லியான தற்காலிகச் சக்கரம். பெரும்பாலான கார்களில் அது தரையைத் தொட்டதே இல்லை, பட்டன் பளபளவென்று இருக்கும். கடைசி இலக்கங்களைப் படித்தால் மூன்றுதான் இருக்கும்.