மதுரையில் மின்சார சைக்கிள்

கேள்வி: சென்னையிலிருந்து வரும் மச்சினனுக்கு, வழிகாட்டி ஒருவரை வைத்து மின்சார சைக்கிளில் மதுரையைச் சுற்றிக்காட்ட ஆசை. சரிப்படுமா?
– ஒரு வாசகர், பரவை.

பதில்: விடிகாலை என்றால் சரிப்படும். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆறு மணிக்குள் ஏ.வி. பாலத்தைத் தாண்டிவிடுங்கள், பிறகு சிம்மக்கல்லில் ஷேர் ஆட்டோக்களின் ராஜ்ஜியம்தான்.

மதுரையின் அழகே வீதிக் கணக்கு. வெளி, மாசி, ஆவணி மூல, சித்திரை எனக் கோயிலை நோக்கிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கும். வெளி வீதிப் பக்கம் கோட்டை மதில் இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். நல்லதுதான், காற்று வந்தது! சித்திரை வீதிக்குள் வண்டி விடமாட்டார்கள், இறங்கி நடங்கள்.

நல்ல பருத்திப்பால் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள். முழித்தால் ஆளை மாற்றுங்கள்.