உறுப்பு மாற்று மருத்துவமும் செவிலியர் கல்வியும்

கண்ணப்ப நாயனார் தம் கண்ணைத் தோண்டிக் காளத்திநாதர் கண்ணில் அப்பிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அப்பியவுடன் குருதி நின்றது. வேலையும் அத்துடன் முடிந்தது. மனிதருக்கு மனிதர் உறுப்பு வழங்கும் இக்காலத்திலோ, உறுப்பைப் பொருத்திய அன்றுதான் வேலை தொடங்குகிறது. அதில் பெரும்பகுதி செவிலியர் கையில் இருக்கிறது. அதற்காக அவர்கள் என்ன கற்கிறார்கள், இன்னும் என்ன கற்க வேண்டியிருக்கிறது என்பதை, விலங்கியல் மாணவன் என்ற முறையிலும், சிறுநீரக மாற்று பெற்ற ஒருவரின் தம்பி மகன் என்ற முறையிலும் எழுத முனைகிறேன்.

1954 டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே ஓர் இளைஞரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். ஆகவே வந்த உறுப்பை உடல் அயலானாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு அப்படியல்ல. இரத்த வெள்ளணுக்கள் புதிய உறுப்பைக் கிருமியைப் போலவே தாக்கும். இதைத் தடுக்க 1980-களில் சைக்ளோஸ்போரினும், 1990-களில் டாக்ரோலிமஸும் புழக்கத்துக்கு வந்தன. இம்மருந்து குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கும்; மிகுந்தால் கிருமிகள் உடலைத் தாக்கும். இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய வரப்பின்மேல் நோயாளி ஆயுள் முழுவதும் நடக்க வேண்டும்.

நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடைபெற்றது. செவிலியத்தில் பட்டப்படிப்பு 1946-இலேயே தொடங்கப்பட்ட இடங்களில் அக்கல்லூரியும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூரலாம்.

புதிய சிறுநீரகத்தைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைக்கிறார்கள். பழையவை பெரும்பாலும் அப்படியே விடப்படுகின்றன. (எங்கள் பெரியப்பாவுக்கு இப்போது மூன்று சிறுநீரகங்கள் என்றால் வகுப்பில் ஒருவரும் நம்புவதில்லை.) உயிருள்ளவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் பல வேளைகளில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சுரக்கத் தொடங்கிவிடும். முதல் நாளில் லிட்டர் கணக்கில் வெளியேறும். செவிலியர் மணிக்கு மணி அதை அளந்து, அதற்கு ஈடாக நரம்பு வழியே நீரேற்ற வேண்டும். நன்றாகப் பெய்துகொண்டிருந்த சிறுநீர் சட்டென்று நின்றால், குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, அன்றி உறுப்புக்குச் செல்லும் இரத்தக்குழாயே அடைபட்டதா என்று பார்க்க வேண்டும். முன்னது எளிதில் சரியாகிவிடும். பின்னதில் தாமதித்தால் உறுப்பே போய்விடும். நள்ளிரவில் இந்த மாற்றத்தை முதலில் காண்பவர் செவிலியரே. காரணம் தெரிந்து அளப்பவருக்கும், ஏட்டில் எண்ணை மட்டும் எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் புலப்படும்.

ஆனால் செவிலியரின் மிகக் கடினமான பணி கற்பிப்பது என்றே நான் எண்ணுகிறேன். பெரியப்பா வீடு திரும்பும் முன், வார்டு சிஸ்டர் அவரையும் பெரியம்மாவையும் நாள்தோறும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் நாளில், காலை மாத்திரையை விழுங்காமல் வர வேண்டும். விழுங்கிவிட்டால் கணக்குத் தவறும். காய்ச்சல், எடை கூடுதல், சிறுநீர் குறைதல், உறுப்பு வைத்த இடத்தில் வலி இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வர வேண்டும். பம்பளிமாஸ் பழம் கூடாது. அது இம்மருந்தைக் குடலும் கல்லீரலும் சிதைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். சொல்லி முடித்ததும், "அய்யா, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க" என்பார். பெரியப்பா தடுமாறுவார். மறுநாளும் அதே பாடம்.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்ந்தது. டாக்ரோலிமஸ் சிலருக்குக் கைநடுக்கம் தரும். பெரியப்பா கணக்கெழுதிப் பிழைப்பவர், பேனா நடுங்கியது. உடம்புதான் தேறிவிட்டதே என்று ஐந்தாம் மாதத்தில், யாரிடமும் சொல்லாமல், இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.9-ஆக ஏறியிருந்தது. "மாத்திரை ஒழுங்காப் போடுறேன் சிஸ்டர்" என்று சாதித்தார். அந்த அம்மையார் வாதாடவில்லை. வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, மிச்சத்தை எண்ணினார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "கை நடுங்குதுன்னு ஏன்யா என்கிட்ட சொல்லலை?" பெரியப்பாவிடம் பதில் இல்லை. அருகிலிருந்த பெரியம்மா அழுதுவிட்டார். சிறுநீரகம் தந்தவர் அவர்தான். (நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு தருவோரில் பெரும்பாலோர் பெண்கள், பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.) திசுச் சோதனை செய்து, ஸ்டீராய்டு ஊசி போட்டு, கிரியேட்டினினை 1.4-க்கு இறக்கினார்கள். பழைய 1.1 திரும்பவே இல்லை.

இறந்தோர் கொடையில் செவிலியர் பணி வேறு வகையினது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்றது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். ஆனால் கண்மணி ஒளிக்குச் சுருங்கவில்லை, சளி உறிஞ்சும்போது இருமல் வரவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியரே. சான்றளித்த பின்னும் அவர் வேலை ஓயாது. இரத்த அழுத்தமும் உடல்வெப்பமும் காக்கப்பட வேண்டும். விழிவெண்படலம் உலராதபடி இமைகளை மூடிவைக்க வேண்டும். இறந்துவிட்டதாக அறிந்த ஒருவரை உயிருள்ளவரைப் போல் பேணுவதும், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து நிற்கும் தாயிடம் அது இயந்திரத்தின் மூச்சு என்று விளக்குவதும் எந்தப் பாடநூலாலும் முழுமையாகக் கற்பிக்க இயலாதவை. 2008 செப்டம்பரில் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் அவன் உறுப்புகளை வழங்கியது தமிழகத்தின் கண்களைத் திறந்தது. அவர்கள் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றக் குடும்பங்களுக்கு விளக்கத்தான் வேண்டும்.

இனி, கல்வி. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் உறுப்பு மாற்று ஒரு சிறு பகுதியே. சிறுநீரகச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. கல்லீரல், இதய மாற்றுக்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் வார்டில், மூத்த சிஸ்டரின் அருகே நின்றே கற்கிறார்கள். அந்த மூத்தவர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டால் அவர் அறிந்தவையும் உடன் போய்விடுகின்றன. அமெரிக்காவில் இத்துறைச் செவிலியருக்கெனத் தனித்தேர்வும் சான்றிதழும் உள்ளன. 1992-இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய பன்னாட்டு உறுப்பு மாற்றுச் செவிலியர் சங்கமும் உண்டு. நமக்கும் அத்தகைய தேர்வு வேண்டும் என்பது என் கருத்து. 2024 மார்ச்சில் பாஸ்டனில் மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை உயிருள்ள ஒருவருக்குப் பொருத்தினார்கள். அத்தகைய உறுப்பு இங்கு வரும் நாளிலும் மணிக்கு மணி சிறுநீரை அளக்க ஒருவர் வேண்டியிருக்கும்.

கலைக்கல்லூரி மலரில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனை ஒவ்வொன்றும் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. குடும்பத்தாரிடம் பேசுவது, ஆவணங்களைத் திரட்டுவது, உறுப்பு செல்லும் வழியை ஒழுங்குசெய்வது அவர் பணி. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி செவிலியர் மட்டுமன்றி, எப்பாடத்திலும் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் இப்பணிக்கு வரலாம். சமூகவியல், சமூகப்பணி முதலியவற்றில் முதுகலை பெற்றோர்க்கு முன்னுரிமை உண்டு. 1997-இல் சென்னையில் தொடங்கிய மோகன் அறக்கட்டளை இதற்கான பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது.