பலகைத் தரையும் எமது உடல்நலமும்

இந்தப் பகுதியில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்றே எழுதி வருகிறோம். இம்முறை வீட்டுத் தரையைப் பற்றி எழுதப் போகிறோம். "டொக்டருக்கு எழுத விஷயம் முடிந்துவிட்டதோ" என்று சிரிக்க வேண்டாம். கடந்த குளிர்காலத்தில் எம்மிடம் வந்த மூன்று பேருடைய வருத்தம் தரையிலேதான் தொடங்கியது.

முதலாமவர் 78 வயதுத் தாயார். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மகள் புதிதாக வாங்கிய வீட்டில் கீழ்த்தளம் முழுவதும் ஓக் பலகைத் தரை. வெள்ளிக்கிழமை மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், அம்மா ஊரில் செய்ததுபோல வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவியிருக்கிறார். கழுவி முடித்து, காலுறையுடன் சாமியறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டில் முறிவு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு எம்மைப் பார்க்க வந்தபோது சொன்னார்: "தம்பி, வீடு கழுவாமல் எப்பிடி விளக்கேத்திறது?" மகளுக்கு அம்மாவின் கால் ஒரு கவலை, ஊதிக் கிளம்பிய பலகை இன்னொரு கவலை. இரண்டாவதைச் சொல்ல வெட்கப்பட்டார். வெட்கப்பட ஒன்றுமில்லை, கடன்பட்டு வாங்கிய வீடு.

அம்மா செய்தது ஊருக்குச் சரி. எமது ஊர் வீடுகளில் சீமெந்துத் தரை. தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிவிட்டால் வாசலால் ஓடிவிடும், மிச்சத்தை வெயிலும் காற்றும் காயவைக்கும். கனடாவில் வீடு மூடிக்கிடக்கிறது, தண்ணீர் ஓட வழியில்லை. பலகையோ தண்ணீரை உறிஞ்சும் பொருள். உறிஞ்சினால் அகலவாட்டில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே பூசியிருக்கும் பொலியூரித்தேன் மேற்பரப்பைக் காக்கும். ஆனால் இரண்டு பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அடிப்பக்கம் கூடுதலாக ஈரமாகும்போது பலகையின் இரு ஓரங்களும் மேலெழுந்து, நடு பள்ளமாகும். அப்படிக் கிளம்பிய ஓரத்தில் வயதானவரின் கால் தடக்கும். கீழே தேங்கிய ஈரத்தில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கலாம். தொய்வு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது கூடாது.

தப்பித்தவறித் தண்ணீர் கொட்டிவிட்டால் உடனே ஒற்றி எடுத்து, விசிறியும் ஈரமகற்றும் இயந்திரமும் போட்டுக் காயவிடுங்கள். ஓரம் கிளம்பிவிட்டதே என்று அவசரப்பட்டுச் சீவவோ தேய்க்கவோ ஆள் பிடிக்க வேண்டாம். முழுதாகக் காய வாரங்கள் செல்லும், சிலவேளை தானாகவே பெரும்பாலும் படிந்துவிடும். காயுமுன் தேய்த்தால், காய்ந்தபின் நடு மேடாகி நிற்கும்.

அப்படியானால் எப்படிச் சுத்தம் செய்வது? நாளாந்தம் உலர்ந்த மைக்ரோபைபர் மொப் போதும். வாரத்துக்கு ஒருமுறை வக்கியூம் பிடிக்கலாம், ஆனால் காப்பெற்றுக்கான சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டுப் பிடியுங்கள், அது பூச்சைக் கீறும். அதன்பின் பலகைத் தரைக்கென விற்கும் திரவத்தைச் சிறிதளவு தெளித்து, நன்கு பிழிந்த மொப்பால் பலகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட்டால் ஈரம் அளவானது. காயாமல் மினுங்கிக்கொண்டிருந்தால் கூடிவிட்டது. நீராவி மொப் பலகைக்கு ஆகாது, சூடும் ஈரமும் சேர்ந்து இடுக்குக்குள் புகும். வினாகிரி நல்லதென்று பலர் சொல்கிறார்கள். அமிலம் நாளடைவில் பூச்சை மங்கவைக்கும், ஆகவே நாம் சொல்ல மாட்டோம்.

பழைய வீடு வாங்கியவர்கள், மூலையில் இரண்டு துளி தண்ணீர் விட்டு ஒரு பத்து நிமிடம் பாருங்கள். துளி அப்படியே முத்தாக நின்றால் பூச்சு நன்றாக உள்ளது. கீழே வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெழுகு பூசிய தரை. பலகை கறுத்துத் தண்ணீரைக் குடித்தால் பூச்சுத் தேய்ந்துவிட்டது, அந்தத் தரையில் ஈர மொப்பே வேண்டாம்.

இரண்டாவது நோயாளி ஓர் இளம் தாய். குளிசாதிப் பானம் கொட்டிய கறையைப் போக்க பிளீச் ஊற்றி, போகவில்லை என்று அதன்மேல் கழிவறை கழுவும் அமிலத் திரவத்தையும் ஊற்றியிருக்கிறார். இருமல் நிற்காமல் வந்தார். இதைக் கேட்டு எமக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதே தவறை நாமும் செய்திருக்கிறோம். அகதியாக வந்த புதிதில், மருத்துவப் பட்டம் சூட்கேசுக்குள் இருக்க, இரவில் அலுவலகங்கள் துப்பரவு செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் அவசரத்தில் ஒரே வாளிக்குள் இரண்டையும் ஊற்றினோம். கண் எரிந்து, நெஞ்சு இறுகி, படிக்கட்டில் வந்து குந்தியிருந்தபோதுதான் படித்த இரசாயனவியல் ஞாபகம் வந்தது. படிப்பு மூளையில் இருந்தால் மட்டும் போதாது, களைத்துப்போன கைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். வினாகிரி, எலுமிச்சம்புளி, கழிவறைத் திரவம் எல்லாம் அமிலமே. பிளீச்சுடன் அமோனியா சேர்ந்தால் குளோரமீன் வாயு. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அமோனியா உண்டு. ஆகவே பிளீச்சைத் தண்ணீர் தவிர வேறு எதனுடனும் கலக்க வேண்டாம். கலந்துவிட்டால் வாளியைத் தூக்கி ஊற்றப் போகாமல் எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள். மூச்செடுக்கக் கஷ்டமென்றால் 911. மற்றபடி நஞ்சு ஆலோசனை நிலையம்: 1-844-764-7669, கியூபெக்கில் 1-800-463-5060. சில மணி நேரத்தின் பின்பும் மூச்சு முட்டலாம் என்பதால், தொய்வுக்காரர் தனியே படுக்கக் கூடாது.

உண்மையில் வீட்டுத் தரைக்குக் கிருமிநாசினி தேவையே இல்லை. டெற்றோல் மணந்தால்தான் சுத்தம் என்பது எமது மூக்குக்குப் பழகிய எண்ணம். 2018இல் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6000க்கு மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்த ஒரு ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலோ தொழிலாகவோ துப்பரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல் திறன், செய்யாத பெண்களைவிட விரைவாகக் குறைந்திருந்தது. ஆண்களில் அந்த வேறுபாடு தெரியவில்லை. எமது சமூகத்தில் எத்தனை பெண்கள் பகலில் வெளியில் துப்பரவு செய்துவிட்டு, மாலையில் வீட்டிலும் அதையே செய்கிறார்கள் என்பதை ஆண்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். மொப் பிடிக்க ஆண்களுக்கும் கை இருக்கிறது.

இனி விழுதல். முதியோரின் வீட்டில் நாம் முதலில் பார்ப்பது கால்களை. வெறும் காலுறையுடன் பலகைத் தரையில் நடக்கக் கூடாது. றப்பர் அடியும், குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டியும் உள்ள வீட்டுச் செருப்பு வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, குத்துவிளக்கில் சிந்தும் எண்ணெய், தாளிக்கும்போது தெறிப்பது எல்லாம் பலகையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். விளக்கின் கீழ் ஒரு தட்டம் வையுங்கள். தளபாடத்துக்கு அடிக்கும் பொலிஷைத் தரைக்கு அடிக்க வேண்டாம். மினுங்கும், ஆனால் வழுக்கும். சிறு விரிப்புகளை ஒன்றில் அகற்றுங்கள், அல்லது வழுக்காத அடித்தாள் போடுங்கள். அடியில் றப்பர் ஒட்டிய விரிப்பு சில பூச்சுகளை மஞ்சளாக்கும் என்பதையும் கவனியுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். பிரஷர் குளிசை எடுப்பவர் எழுந்ததும் கட்டிலில் சற்று இருந்துவிட்டு நடக்க வேண்டும்.

விழுந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். கவட்டுப் பக்கம் நோவுடன் ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது இடுப்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் போர்த்திவிட்டு 911ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர் தலையை அடித்துக்கொண்டால், "ஒண்டுமில்லை" என்று சொன்னாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முறிவு ஆறியபின் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை முறிந்த எலும்புக்காரருக்கு மறுமுறையும் முறியும் அபாயம் கூட.

மூன்றாமவர் காப்பெற்றைக் கிழித்தெறிந்து பலகை போட்டும் மகனின் தொய்வு குறையவில்லை என்று வந்தவர். காப்பெற்றில் தூசிப் பூச்சிகள் கூடுதலாகத் தங்கும் என்பது சரி. ஆனால் அவர் வீட்டில் விளக்குமாற்றால் உலரக் கூட்டினார்கள். காப்பெற்றில் புதைந்து கிடக்கும் தூசி, பலகையில் ஒரு கூட்டலோடு காற்றில் எழும்பிவிடும். கூட்டுவதை நிறுத்தி, மைக்ரோபைபரும் ஹெப்பா வடிகட்டி உள்ள வக்கியூமும் பாவிக்கச் சொன்னோம். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை போடச் சொன்னோம். ஈரப்பதன் 35 முதல் 50 வீதத்துக்குள் இருந்தால் பலகைக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது. கடுங்குளிரில் யன்னலில் தண்ணீர் வடிந்தால் 30 வரை இறக்கலாம். அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது.

பழைய தரையைத் தேய்த்துப் புதுப்பிக்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. 1960க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய மையில் ஈயம் இருக்க இடமுண்டு. பழைய வைனைல் ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் கிளப்பக் கூடாது. வேலை முடியும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேறு இடத்தில் தங்கட்டும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். வெளியில் தனித்தனியே விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

அந்த அம்மா இப்போது ஒரு தடியுடன் நடக்கிறார். மகள் சாமியறை வாசலில் மட்டும் நாலடிக்கு நாலடி ஓடு பதித்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா கதிரையில் இருந்தபடி ஒரு செம்புத் தண்ணீர் தெளிக்க, பேரன் துடைத்துவிடுகிறானாம்.