வெடிமருந்து ஆலையும் வீட்டுத் தோட்டமும்

"ரசாயன உரம் இல்லாம நாட்டுக்கே சோறு போட முடியுமா?" பயிற்சிக்கு வரும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பேன்: "சரி, அந்த உரம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?" இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கணும்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. கார் ஆலைகள் டாங்கியும் விமானமும் செய்யத் தொடங்கின. 1942ல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அடுத்த ஆண்டு இறைச்சி, வெண்ணெய், டப்பாவில் அடைத்த காய்கறி என்று அது நீண்டது. 'உங்க காயை நீங்களே விளைய வைங்க' என்றது அரசு.

மக்கள் கொல்லையிலும் பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் மண்ணைக் கொத்தினார்கள். 'வெற்றித் தோட்டம்' என்று அதற்குப் பெயர். உச்சத்தில் சுமார் 2 கோடி தோட்டங்கள். நாட்டின் காய்கறியில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றில் விளைந்ததாக மதிப்பிடுகிறார்கள். தானியமும் இறைச்சியும் பெரிய பண்ணைகளிலிருந்தே வந்தன, அதையும் சொல்லிடணும்.

சும்மா பேச்சால் இது நடக்கவில்லை. வேளாண் துறை கையேடுகள் அச்சிட்டது. விரிவாக்க அலுவலர்கள் விதைப்பு முதல் அறுவடை வரை கற்றுக்கொடுத்தார்கள். விளைந்ததைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தப் பொதுக் கூடங்கள் இருந்தன. அதற்கென்றே ரேஷனில் கூடுதல் சர்க்கரையும் கிடைத்தது.

இதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக்கி, அதிலிருந்து வெடிமருந்து செய்ய அரசு புதிய ஆலைகளைக் கட்டியது. தழைச்சத்து முதலில் குண்டுக்குப் போனதால், தோட்டங்களுக்குத் தழைச்சத்து குறைந்த கலவை உரம்தான் கிடைத்தது. மக்கு எருவும் கைகொடுத்தது.

1945ல் போர் முடிந்தது. தோட்டங்களுக்கான ஊக்கம் நின்றது. பல இடங்களில் புல்வெளி திரும்பி வந்தது. வெடிமருந்து ஆலைகளோ உர ஆலைகளாக மாறின. குண்டுக்குப் போன அம்மோனியம் நைட்ரேட் உர மூட்டையில் ஏறியது. டிடிடியும் அதே ஆண்டு கடைக்கு வந்தது. 1947 ஏப்ரலில் டெக்ஸாஸ் சிட்டி துறைமுகத்தில் இந்த உரம் ஏற்றிய கப்பல் தீப்பிடித்து வெடித்தது. 580 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மூட்டையில் எழுதியிருந்தது உரம்; உள்ளே இருந்தது பழைய சரக்கு.

உரம் இல்லாமல் பயிர் வராது என்பதால் மட்டும் அந்த ஆலைகள் நிலைக்கவில்லை. பணம் போட்டுக் கட்டியாச்சு, சரக்குக்குச் சந்தை வேணும். 2 கோடி தோட்டங்களுக்கு அப்படிக் கவலைப்பட ஆள் இல்லை.

அதனால் நம் குழுக்களில் நான் வலியுறுத்துவது மூன்று. விதை யார் கொடுப்பது? புதுசாக வருகிறவருக்கு யார் பக்கத்தில் நின்று கற்றுத் தருவது? மிஞ்சிய காயை எங்கே வத்தல் போட்டு, ஊறுகாய் போட்டு வைப்பது? அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றுக்கும் ஆள் பெயர் எழுதிட்டு எழுந்திருங்க.