பகலைக் குளிர்விக்கும் இரவுப் பனிக்கட்டி

நண்பகல் வேளை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வெயில் கொளுத்துகிறது. கடையில் வாங்கிய எலுமிச்சைச் சாற்றில் பனிக்கட்டிகள் மிதக்கின்றன. கடைசிக் கட்டி கரையும்வரை சாறு சில்லென்றே இருக்கிறது. அது கரைந்து முடிந்த பிறகுதான் சாறு விரைவாகச் சூடேறத் தொடங்குகிறது. அன்றாடம் நாம் காணும் இக்காட்சியில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது.

ஒரு திடப்பொருள் உருகும்போது வெப்பத்தை உள்வாங்குகிறது. ஆனால், உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை உயர்வதில்லை. உள்வாங்கிய வெப்பம் துகள்களின் பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. இதனை ‘உள்ளுறை வெப்பம்’ என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் இதனை ஆராய்ந்து விளக்கினார். 0 பாகை செல்சியஸில் உள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டி முழுமையாகக் கரைய ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அவ்வளவு வெப்பம் ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடேற்றப் போதுமானது!

இப்பண்பைக் கொண்டு வெப்பத்தையோ குளிர்ச்சியையோ சேமித்து வைக்க உதவுபவை ‘நிலைமாறு பொருள்கள்’ எனப்படும். பனிக்கட்டி, மெழுகு, நீர் சேர்ந்த சில உப்புகள் ஆகியவை இவ்வகையின. கிள்ளான் துறைமுகப் பகுதி மீனவர்கள் பிடித்த மீன்களைப் பனிக்கட்டியிலிட்டுக் கரைக்குக் கொண்டு வருவதும் இப்பண்பின் பயனே.

மீனைக் காக்கும் பனிக்கட்டி ஒரு நகரத்தையும் குளிர்விக்குமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் வெப்பம்தான். பிற்பகலில் அலுவலகங்களிலும் பேரங்காடிகளிலும் குளிரூட்டிகள் ஒருசேர இயங்குவதால் மின்சாரத் தேவை உச்சத்தை அடைகிறது. அந்தச் சில மணி நேரத் தேவைக்காகவே கூடுதல் மின்நிலையங்களைக் கட்ட வேண்டியுள்ளது. இரவிலோ அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதி பயன்படாமல் கிடக்கிறது.

சிலாங்கூரில் 1997-இல் தொடங்கப்பட்ட சைபர்ஜெயா நகரில் இதற்கு ஒரு தீர்வைக் காணலாம். அங்குப் பல கட்டடங்களுக்குத் தேவையான குளிர்நீர் ஒரு மைய நிலையத்திலிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழி அனுப்பப்படுகிறது. மெகாஜனா நிறுவனம் நடத்தும் இந்நிலையங்களில் குளிர்ச்சி, பனிக்கட்டியாகவும் குளிர்நீராகவும் சேமிக்கப்படுகிறது. மின்தேவை குறைந்த இரவில் தொட்டியில் பனிக்கட்டி உறைகிறது. பகலில் கட்டடங்களின் வெப்பத்தைச் சுமந்து திரும்பும் நீரை அப்பனிக்கட்டி கரைந்து குளிர்விக்கிறது. இதனால் பகலில் குளிரூட்டும் இயந்திரங்களின் சுமை குறைகிறது.

நீரின் வெப்பநிலையை 8 பாகை குறைத்தால், ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 33 கிலோஜூல் அளவே குளிர்ச்சியைச் சேமிக்க முடியும். பனிக்கட்டியோ அதைப்போல் பத்து மடங்கு சேமிக்கிறது. எனவே, சிறிய தொட்டியே போதும். எனினும், இதில் ஒரு குறையும் உண்டு. நீரை உறைய வைக்க இயந்திரம் மேலும் தாழ்ந்த வெப்பநிலையில் இயங்க வேண்டும். அதற்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும். ஆகவே, இம்முறையின் முதன்மைப் பயன் மின்தேவையைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றுவதே ஆகும்.

குளிர்நாடுகளில் சுவர்ப் பலகைகளுக்குள் மெழுகைப் பொதிந்தும் வீடுகளைக் குளிர்விக்கின்றனர். பகலில் உருகும் மெழுகு இரவுக் குளிரில் மீண்டும் உறைகிறது. கோலாலம்பூரிலோ இரவிலும் வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகையாக உள்ளது. 21 பாகையில் உருகும் மெழுகை இங்குப் பொதிந்தால், அது இரவிலும் உறையாமல் திரவமாகவே கிடக்கும், மறுநாள் பயன்தராது. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு சிறந்ததாயினும், மண்ணின் தட்பவெப்பத்தை அறிந்து தேர்ந்தெடுத்தால்தான் அது பலன் தரும்.