ஏழாம் இடத்தை எப்படி மதிப்பிடுவது?

காற்பந்துக் குழு வென்றால் கோல் அடித்தவரைப் புகழ்கிறோம். தோற்றால் பயிற்றுநரைக் குறை கூறுகிறோம். அந்த ஆட்டக்காரர்களைக் குழுவுக்குக் கொண்டு வந்தவர் யார், என்ன கணக்குப் போட்டுக் கொண்டு வந்தார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. ஐரோப்பியக் குழுக்களில் இந்தப் பொறுப்பை வகிப்பவரைக் காற்பந்து இயக்குநர் என்பர். நம் நாட்டுக் குழுக்கள் பலவற்றில் தலைமைச் செயல் அதிகாரியும் தலைமைப் பயிற்றுநரும் இதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். பதவியின் பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கையில் இருக்கும் பணத்துக்குள் பொருத்தமான ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். தேவைப்படாதவர்களை உரிய நேரத்தில் விடுவிக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களை நினைத்த நாளில் சேர்த்துவிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே பதிவுக் காலம் திறக்கும். ஒப்பந்தம் முடியாத ஒருவரை அழைத்துவர வேண்டுமானால், அவருடைய பழைய குழுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் கட்டணமின்றி விருப்பமான குழுவில் சேரலாம். மலேசியாவில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு என்று குறுகியவை. ஆகவே, செய்திகளில் படிக்கும் கோடிக்கணக்கான மாற்றுக் கட்டணம் இங்கே அரிது. நம் குழுக்களுக்கு மாதச் சம்பளமே உண்மையான விலை. அதிலும் இறக்குமதி ஆட்டக்காரர்களின் சம்பளம், விமானப் பயணம், வீட்டு வாடகை ஆகியவை சேர்ந்தால் சிறிய குழுவின் பணப்பை விரைவில் காலியாகும்.

பெட்டாலிங் ஜெயா சிட்டி குழுவின் கதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயரைத் தாங்கி, ‘மிஃபா’ என்று அறியப்பட்ட குழு அது. கீழ்நிலைப் போட்டியிலிருந்து படிப்படியாக உயர்ந்து 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019இல் நாட்டின் உயர்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் நுழைந்தபோது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயரை ஏற்றது. கெலானா ஜெயாவில் உள்ள எம்பிபிஜே அரங்கம் அதன் சொந்தத் திடல். தோட்டத் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்த தலைமுறைக்கு, இந்தியச் சமூகத்தில் வேரூன்றிய ஒரு குழு சூப்பர் லீக்கை எட்டியது சாதாரணச் செய்தியன்று.

2021ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அக்குழு எடுத்த முடிவு பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை, அனைவரும் உள்நாட்டவர். கோவிட்-19 பெருந்தொற்றால் அரங்குகள் வெறிச்சோடிக் குழுக்களின் வருமானம் சுருங்கியிருந்த காலம் அது. சூப்பர் லீக்கில் தாக்குதல் ஆட்டத்தைப் பெரும்பாலான குழுக்கள் வெளிநாட்டவரிடம் ஒப்படைத்திருந்தன. அந்த இடத்தை பெட்டாலிங் ஜெயா உள்நாட்டவருக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து மலேசியாவுக்கு ஆடிய டேரன் லோக், ஜொகூர் டாருல் தாசிம் குழுவிலிருந்து வந்து சேர்ந்தார். பயிற்றுநராக இருந்தவர் பி. மணியம். இவர் ஏற்கெனவே சிலாங்கூர் குழுவுக்குப் பயிற்சியளித்தவர்.

பருவத் தொடக்கத்தில், ‘இக்குழு கீழ்நிலைக்கு இறங்கிவிடும்’ என்று சொல்வது எளிதாக இருந்தது. பன்னிரண்டு குழுக்கள் மோதிய அப்பருவம் முடிந்தபோது அது ஏழாம் இடத்தில் நின்றது. மலாக்கா, சபா, ஸ்ரீ பகாங், பேராக், யுஐடிஎம் ஆகிய ஐந்து குழுக்களும் இறக்குமதி ஆட்டக்காரர்களை வைத்திருந்தும் அதற்குக் கீழே முடித்தன. அவற்றுள் பேராக், யுஐடிஎம் ஆகிய இரண்டும் கீழ்நிலைக்கு இறங்கின.

பக்கத்திலேயே இன்னொரு குழு வேறு வழியில் நடந்தது. கோலாலம்பூர் சிட்டி குழு அதே பருவத்தில் ஆறாம் இடம் பெற்றது. ஒரே ஒரு படிதான் மேலே. ஆனால், அவ்வாண்டின் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரை 2-0 எனத் தோற்கடித்து, 1989க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஒரு கோலை உள்நாட்டவரான சப்ரி யாஹ்யா அடித்தார். மற்றொன்றை பிரேசிலிலிருந்து வந்த பாவ்லோ ஜோசுவே அடித்தார். பாவ்லோ திடீரென்று வாங்கப்பட்ட பெரும் பெயரல்லர். சில ஆண்டுகளாகவே அக்குழுவில் நிலைத்து ஆடியவர். பின்னர் மலேசியக் குடியுரிமை பெற்றுத் தேசியக் குழுவுக்கும் ஆடினார். இறக்குமதி என்றாலே வீண்செலவு என்று சொல்பவர்கள் அவரை நினைத்துப் பார்க்கலாம்.

இவ்விரு குழுக்களில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் என்ன போடுவீர்கள்? கிண்ணத்தை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. செலவையும் வாய்ப்பையும் பார்த்தால் விடை மாறுகிறது. முன்னணி ஆட்டக்காரராக முழுப் பருவமும் ஆடும் வாய்ப்பு ஒரு மலேசிய இளைஞருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதனைப் பெட்டாலிங் ஜெயா வழங்கியது. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டவருக்குத் தடை இருந்தது. அக்காலத்தில்தான் கே. ராஜகோபால் பயிற்சியில் நம் இளையர் குழு 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்றது. தேசியக் குழு 2010இல் ஆசியான் கிண்ணத்தை வென்றது. தடையால் மட்டுமே அவ்வெற்றிகள் வந்தன என்று கூறிவிட முடியாது. எனினும், ஆடக் கிடைத்த நேரம் அவ்விளைஞர்களுக்கு உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

தேர்ந்தெடுப்பவரின் திறமை இடத்துக்கு இடம் வேறுபட்டுத் தெரியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லெஸ்டர் சிட்டி குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேடியவர் ஸ்டீவ் வால்ஷ். அதிகம் அறியப்படாத ரியாட் மாரெஸ், இங்கோலோ கான்டே போன்றோர் அவர் காலத்தில் குறைந்த விலைக்கு வந்தனர். 2016இல் லெஸ்டர் பிரிமியர் லீக் வெற்றியாளரானது. உடனே எவர்டன் குழு அவரைக் காற்பந்து இயக்குநராக அமர்த்தியது. அங்கே பணம் தாராளமாக இருந்தது. 2017இல் வேய்ன் ரூனி, டேவி கிளாசன், கில்ஃபி சிகுர்ட்சன் ஆகிய மூவரும் வந்தனர். மூவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஆடுபவர்கள்! அதே வேளையில், கோல் மழை பொழிந்த ரொமேலு லுக்காக்கு விற்கப்பட்டார்; அவருக்கு ஈடான ஒருவர் வரவில்லை. 2018இல் வால்ஷ் பதவியிழந்தார். கண் அதே கண்தான். ஆனால், எவர்டனில் பயிற்றுநரும் உரிமையாளரும் ஆளுக்கொரு திசையில் இழுக்க, யார் எவரைக் கேட்டார் என்பதே குழப்பமானது.

பெட்டாலிங் ஜெயாவுக்கு நேர்ந்தது வேறு. 2022இல் குழு பட்டியலில் மேலும் இறங்கியது. அப்பருவம் முடிந்ததும் 2023 லீக்கில் பங்கேற்கப் போவதில்லை என்று விலகிக்கொண்டது. விரலுக்கேற்ற வீக்கமாகச் சம்பளப் பட்டியலைச் சுருக்கிய குழுவாலும் தாக்குப்பிடிக்க இயலவில்லை. தேர்வு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒரு குழுவுக்குப் பணம் தருபவர் நிறுத்திக்கொண்டால் இயக்குநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குழு தொடர்ந்திருந்தால் வளர்த்த ஆட்டக்காரரை விற்றேனும் கொஞ்சம் பணம் பார்த்திருக்கலாம். கலைந்த பிறகு அதுவும் இல்லை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை தேடினர். டேரன் லோக் சபாவுக்குச் சென்றார்.

கெலானா ஜெயா அரங்கம் இன்னும் இருக்கிறது. சிலாங்கூர் குழு அதனைத் தன் சொந்தத் திடலாக்கிக்கொண்டதால், ஆட்ட நாள்களில் அங்கே சிவப்பும் மஞ்சளுமாக இரசிகர்கள் திரள்கின்றனர்.